காப்பர்-டி ஒத்துக்கலைன்னா, அடுத்து என்ன?

"டாக்டர், இது எனக்கு ஒத்துக்கல. எடுத்துவிட்டுடுங்க."

ஓபில அடிக்கடி கேக்குற வாக்கியம் இது. இதுக்கு எங்க ஆளுங்க வழக்கமா சொல்ற பதில் ரெண்டு. ஒண்ணு, "பொறுத்துக்கோம்மா, பழகிடும்". இன்னொண்ணு, எடுத்துட்டு "சரி, போய்ட்டு வாங்க". ரெண்டுமே தப்புன்னு நான் கத்துக்கிட்ட கதையைச் சொல்றேன். கொஞ்சம் நீளமான த்ரெட்.

சில வருஷம் முன்னாடி, ரெண்டு குழந்தைங்களோட அம்மா. 26 வயசு. காப்பர்-டி போட்டு நாலு மாசம். மாசாமாசம் எட்டு நாள் ரத்தப்போக்கு, வயித்துவலி. நான் சொன்னது: "ஆறு மாசத்துல சரியாகிடும்மா."

பாடப்புத்தகப்படி அது சரிதான். காப்பர்-டி போட்ட முதல் 3 முதல் 6 மாசம் பீரியட்ஸ் அதிகமாத்தான் இருக்கும், பலருக்கு அப்புறம் குறையும். ஆனா நான் ஹீமோகுளோபின் பாக்கல. காப்பர்-டி சரியான இடத்துல இருக்கான்னு பாக்கல. அந்த நாட்கள்ல ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கு, அதையும் எழுதல. முக்கியமா, "முடியலைன்னா வாங்க, வேற மாத்திக்கலாம்"னு சொல்லல.

அவங்க வேற எங்கயோ போய் எடுத்துட்டாங்க. பதிலுக்கு யாரும் ஒண்ணும் கொடுக்கல. மூணு மாசத்துல கர்ப்பம். வீட்டுக்குத் தெரியாம மெடிக்கல் ஷாப்ல கலைப்பு மாத்திரை. மறுபடி எங்ககிட்ட வந்தப்போ ஹீமோகுளோபின் 6. ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தினோம்.

காப்பர்-டி எடுத்த உடனேயே கருத்தரிக்கும் திறன் திரும்பிடும். இது நிறைய பேருக்குத் தெரியாது. "ரெண்டு மாசம் உடம்புக்கு ரெஸ்ட் கொடுத்துட்டு அப்புறம் யோசிக்கலாம்"னு நினைக்கிறாங்க. அந்த ரெண்டு மாச இடைவெளிதான் ஆபத்து. எடுக்குற அன்னைக்கே அடுத்தது என்னன்னு முடிவு பண்ணிடணும். இன்னொண்ணு, விந்தணு உள்ளே 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். அதனால எடுக்கப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியிருந்தே காண்டம் பயன்படுத்துங்க.

சரி, எதுக்கு மாறுறது? எந்தத் தொந்தரவால மாறுறீங்கன்றதைப் பொறுத்தது.

ரத்தப்போக்கு அதிகம்னா, அதைக் குறைக்கிற பக்கம் போகணும். ஹார்மோன் வெளியிடுற கருப்பை சாதனம் இருக்கு, நல்லா வேலை செய்யும், ஆனா தனியார்ல சில ஆயிரம் ஆகும். அரசு ஆஸ்பத்திரில இலவசமா கிடைக்கிற "சாயா" மாத்திரை இருக்கு. லக்னோல நம்ம நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சது, இதுல ஹார்மோன் கிடையாது. முதல் 3 மாசம் வாரத்துக்கு ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. பால் கொடுக்குற அம்மாக்களும் போடலாம். சிலருக்கு பீரியட்ஸ் தள்ளிப்போகும். சினைப்பைல நீர்க்கட்டி, ஈரல் பிரச்சனை இருந்தா இது வேண்டாம். (சினைப்பை நீர்க்கட்டியைத்தான் "கருப்பைல கட்டி"ன்னு சொல்லிட்டு வருவாங்க, எதுன்னு டாக்டர்கிட்ட காட்டிக்கோங்க.)

மூணு மாசத்துக்கு ஒருமுறை போடுற "அந்தரா" ஊசிலயும் பலருக்கு பீரியட்ஸ் நின்னுடும். உடனே மாமியார், பக்கத்து வீட்டு அக்கா எல்லாம், "கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிடும்"னு பயமுறுத்துவாங்க. தங்காது. கருப்பையோட உள்சவ்வு வளரவே இல்லைன்னா வெளியேற ஒண்ணும் இருக்காது. ஆனா இதைச் சொல்லாம ஊசி போட்டு அனுப்பினா, அடுத்த டோஸுக்கு அவங்க வரமாட்டாங்க. எங்க தப்பு அது. ஒரு எச்சரிக்கை: ஊசியை நிறுத்தினதுக்கப்புறம் கரு தரிக்க பல மாசம் ஆகலாம். சீக்கிரமே அடுத்த குழந்தை வேணும்னு நினைக்கிறவங்களுக்கு இது சரிவராது.

தினசரி மாத்திரைல வாந்தி வர்ற மாதிரி இருக்கா? ராத்திரி சாப்பிட்டுட்டு போட்டுப் பாருங்க, பெரும்பாலும் சரியாகும். ஆனா தலைவலிக்கு முன்னாடி கண்ணுல மின்னல் மாதிரி, வளைவு வளைவா தெரிஞ்சாலோ, பிபி அதிகமா இருந்தாலோ பொறுத்துக்கக் கூடாது, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. பக்கவாத அபாயம் இருக்கு.

இதுவரைக்கும் நான் எழுதின எல்லாமே பொண்ணுங்க உடம்புல போடுறதுதான், கவனிச்சீங்களா? தேசிய குடும்பநல ஆய்வு 2019-21 படி, இந்தியால கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3. ஆணுக்கான தழும்பில்லா ஆபரேஷன் கால் மணி நேர வேலை, மரத்துப்போக ஊசி போட்டா போதும், அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம். 3 மாசம் வரைக்கும் காண்டம், அப்புறம் விந்து பரிசோதனை. ஆண்மைக்கும் உழைப்புக்கும் ஒரு குறையும் வராது. "அவருக்கு வேலைக்குப் போகணும் டாக்டர்"னு சொல்ற மனைவி, தையல் பிரிக்குறதுக்கு முன்னாடியே குடம் தூக்குறவங்க.

அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிப் பாத்தேன். "யோசிச்சு சொல்றேன் சார்"னு போனவர்தான். அவங்க சாயா எடுத்துக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை, புதன்கிழமை. ஆறு மாசம் கழிச்சு ஹீமோகுளோபின் 10.8. போன மாசம் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்தாங்க. அவளுக்கு காப்பர்-டி போட்டு ரெண்டு மாசம், "பொறுத்துக்கோ"ன்னு யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க.