கோவைக்கு ஐ.டி. கம்பெனிகள் ஏன் வருகின்றன? ‘ஊரோடு வேலை’ கனவின் கணக்கு என்ன?

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் கோவை காந்திபுரம் ஆம்னி பஸ் நிலையத்தில் கூட்டத்தைப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். ஒரு தோளில் லேப்டாப் பை. ஒரு கையில் அம்மா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடி, முறுக்கு அடைத்த கட்டைப்பை. பாதிப் பேர் பெங்களூரு பஸ்ஸுக்கு நிற்பவர்கள். திங்கள் காலை நேராக அலுவலகம்தான்.

கோவை போன்ற நடுத்தர நகரங்களுக்குப் பெரிய கம்பெனிகள் ஏன் கிளை திறக்கின்றன என்று கேட்டால், வாடகை மலிவு, நிலம் மலிவு, அரசு சலுகை என்று வழக்கமான பதில்கள் வரும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் முதல் காரணம் அந்த பஸ் கூட்டம்தான். வேலைக்குத் தேவையான ஆட்கள் ஏற்கெனவே இந்த ஊர்க்காரர்கள். ஊரை விட்டுப் போனவர்கள். அவர்கள் போன இடத்துக்கே வேலையைக் கொண்டுபோவதா, வந்த இடத்துக்கு வேலையை அனுப்புவதா என்ற கணக்கை கம்பெனிகள் போட ஆரம்பித்துவிட்டன.

முதலில், ஜி.சி.சி. என்றால் என்ன?

இப்போது நடுத்தர நகரங்கள் போட்டி போடுவது பெரும்பாலும் ஜி.சி.சி. எனப்படும் ‘குளோபல் கேப்பபிலிட்டி சென்டர்’களுக்காக. வெளிநாட்டு வங்கியோ, கார் நிறுவனமோ, மருந்து நிறுவனமோ தன் வேலையை இந்திய ஐ.டி. கம்பெனியிடம் கான்ட்ராக்டாகக் கொடுக்காமல், தானே இங்கு அலுவலகம் போட்டு, தன் சம்பளப் பட்டியலிலேயே ஆள் எடுத்துச் செய்தால் அது ஜி.சி.சி. நாஸ்காம் - ஜின்னோவ் அறிக்கைப்படி 2024இல் இந்தியாவில் இவை 1,700க்கும் மேல். வேலை செய்வோர் சுமார் 19 லட்சம் பேர். 2023-24இல் வருவாய் 6,460 கோடி டாலர்.

இதில் பெரும்பகுதி பெங்களூரு, ஹைதராபாத், டெல்லி சுற்றுவட்டாரம், மும்பை, புனே, சென்னை என ஆறு இடங்களில் குவிந்திருக்கிறது. அங்கே சிக்கல் என்னவென்றால், ஆள் கிடைக்கிறார்கள், நிற்பதில்லை. எதிர்க் கட்டடத்தில் கூடுதல் சம்பளம் சொன்னால் போய்விடுகிறார்கள். ஒருவர் விலகினால் அந்த இடத்துக்கு ஆள் தேடும் செலவு, புதியவர் வேலை பழகும் மாதங்கள், நடுவில் தள்ளிப்போகும் புராஜெக்ட் என எல்லாம் சேர்ந்து வாடகையில் மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிய தொகையாகிவிடும். சொந்த ஊரில், சொந்த வீட்டில் இருப்பவர் அவ்வளவு சுலபமாகக் கிளம்பமாட்டார். நடுத்தர நகரங்கள் கம்பெனிகளுக்கு விற்கும் உண்மையான ‘சலுகை’ இதுதான். கரோனா காலத்தில் ஊரிலிருந்தே வேலை பார்த்தவர்கள் இதை நிரூபித்தும் காட்டினார்கள்.

ஆனால் கம்பெனிகள் மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு வருவதில்லை. தலைமை அலுவலகம் பெங்களூருவிலோ சென்னையிலோ இருக்கும். இங்கே ஐம்பது, நூறு இருக்கைகளை வாடகைக்கு எடுத்து ஆழம் பார்ப்பார்கள். சரிப்பட்டால் பெரிதாக்குவார்கள். 2023 டிசம்பரில் தொடங்கிய கோவை - பெங்களூரு வந்தே பாரத் ரயில் சுமார் ஆறரை மணி நேரப் பயணம் என்பதெல்லாம் இந்த ‘தலைமை - கிளை’ ஏற்பாட்டுக்கு ஒத்தாசை.

கோவையிடம் என்ன இருக்கிறது?

1888இல் முதல் நூற்பாலை. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் மெஷின் பழுதானால் சரிசெய்யப் பட்டறை, அதற்கு வார்ப்பட ஆலை, பிறகு மோட்டார், பம்ப்செட், கிரைண்டர். இந்தத் தொழில்களுக்கு ஆள் வேண்டும் என்பதால் கல்லூரிகள்: 1945இல் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1951இல் பி.எஸ்.ஜி. டெக், 1956இல் சி.ஐ.டி. ஐ.டி. என்ற சொல்லே புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே இன்ஜினீயர்களை உருவாக்கிக்கொண்டிருந்த ஊர் இது. பாஷ் போன்ற ஜெர்மன் வாகனத் தொழில்நுட்ப நிறுவனத்தின் மென்பொருள் பிரிவு இங்கே நீண்ட காலமாக இயங்குவதை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கார் பிரேக்குக்கு மென்பொருள் எழுத, கோடிங் தெரிந்தால் மட்டும் போதாது. பிரேக் எப்படி வேலை செய்கிறது என்றும் தெரிய வேண்டும்.

காக்னிசன்ட் போன்ற பெரிய ஐ.டி. நிறுவனங்களும் முன்பே வந்துவிட்டன. விளாங்குறிச்சியில் டைடல் பார்க் 2010இல் திறக்கப்பட்டது. அதே வளாகத்தில் எல்காட்டின் 2.94 லட்சம் சதுர அடிக் கட்டடம் 2024 நவம்பரில் வந்தது. 20 லட்சம் சதுர அடியில், ரூ.1,100 கோடியில் இன்னொரு தொழில்நுட்பப் பூங்கா அமைக்கப்படும் என்று 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது.

கட்டடம் கட்டினால் கம்பெனி வந்துவிடுமா என்பது வேறு கேள்வி. விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கி தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என மினி டைடல் பூங்காக்கள் 2024இல் வரிசையாகத் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் சுமார் 55,000 முதல் 63,000 சதுர அடி. நல்ல முயற்சிதான். இவற்றுக்கு நேர்மாறான உதாரணம் ஸோஹோ. 2011இல் தென்காசியில் சின்ன அலுவலகமாக ஆரம்பித்தது. அங்கே சலுகையும் இல்லை, பளபள கட்டடமும் இல்லை. பள்ளிப் படிப்பு முடித்தவர்களைத் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் பழக்கம் அந்த நிறுவனத்துக்கு முன்பே இருந்ததால், ‘ஊரில் ஆள் இருக்கிறார்களா’ என்று அது காத்திருக்கவில்லை. எல்லா கம்பெனிகளும் அப்படிச் செய்யாது என்பதுதான் பிரச்சினை.

99 பைசாவுக்கு நிலம்: விசாகப்பட்டினத்தின் வழி

சலுகையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இப்போதைய அளவுகோல் ஆந்திரத்தின் விசாகப்பட்டினம். 2025 ஏப்ரலில் டி.சி.எஸ். நிறுவனத்துக்கு 21.16 ஏக்கர் நிலத்தை வெறும் 99 பைசாவுக்குக் கொடுக்க அந்த மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. அடுத்த இரண்டே மாதத்தில் காக்னிசன்ட்டுக்கும் அதே 99 பைசா. பதிலுக்கு டி.சி.எஸ். ரூ.1,370 கோடி முதலீடும் 12,000 வேலைகளும், காக்னிசன்ட் ரூ.1,582 கோடியும் 8,000 வேலைகளும் தருவதாகச் சொல்லப்பட்டது. அக்டோபரில் கூகுள் அங்கே ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது. தமிழ்நாட்டில் உடனே ‘நாம கோட்டை விட்டுட்டோமா?’ என்ற சண்டை கிளம்பியதும் நினைவிருக்கும்.

இந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும். சொன்னபடி நடந்தால், டி.சி.எஸ். கணக்கில் ஒரு வேலைக்கான முதலீடு சுமார் ரூ.11 லட்சம், காக்னிசன்ட் கணக்கில் சுமார் ரூ.20 லட்சம். கூகுளின் தொகை ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல், ஆனால் அது முக்கியமாக டேட்டா சென்டருக்கு. சர்வர், கேபிள், குளிரூட்டி, மின்சாரம் என்று பணம் விழுங்கும் தொழில் அது. கட்டுமானம் நடக்கும்போது நிறையப் பேருக்கு வேலை. கட்டி முடித்த பிறகு உள்ளே தேவைப்படும் ஆட்கள் குறைவு. ஊருக்கு வேறு பலன்கள் இருக்கலாம். ஆனால் ‘இத்தனை ஆயிரம் கோடி முதலீடு’ என்ற தலைப்பைப் பார்த்ததும் அத்தனை வேலை என்று மனக்கணக்குப் போட வேண்டாம்.

தமிழ்நாடு எடுத்திருக்கும் வழி வேறு. ஜி.சி.சி.க்களில் மாதம் ரூ.1 லட்சத்துக்கு மேல் சம்பளம் உள்ள புதிய வேலைகளுக்கு, முதல் ஆண்டு சம்பளத்தில் 30%, இரண்டாம் ஆண்டு 20%, மூன்றாம் ஆண்டு 10% மானியம் என்று அதே 2024 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. நிலத்தைக் கொடுத்துவிட்டு வேலை வருமா என்று காத்திருப்பதைவிட, வேலை வந்த பிறகு பணம் கொடுப்பது பாதுகாப்பான பேரம். நான்காவது ஆண்டு மானியம் நின்றதும் கம்பெனி என்ன செய்யும் என்பது ஊரின் கையில் இருக்கிறது.

இரண்டாவது வேலை எங்கே?

ஊர் திரும்ப நினைப்பவர் கவனிக்க வேண்டிய இடம் இது. பெங்களூருவில் ஒருவருக்கு ஆண்டுக்கு ரூ.12 லட்சம் சம்பளம், கோவையில் அதே வேலைக்கு ரூ.10 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் சுமார் ரூ.16,700 குறைகிறது. அங்கே வீட்டு வாடகை ரூ.30,000, இங்கே ரூ.14,000 என்றால் அதில் ரூ.16,000 திரும்ப வந்துவிடுகிறது. சொந்த வீடு இருந்தால் லாபமே. புதிய வரி முறையில் இருவருக்குமே வருமான வரி இல்லை. வீட்டுச் சாப்பாடு, வயதான பெற்றோருக்குப் பக்கத்தில் இருப்பது, வாரக்கடைசி பஸ் டிக்கெட் மிச்சம் என எல்லாவற்றையும் சேர்த்தால் கணக்கு ஊர் பக்கம்தான் சாய்கிறது.

சாய்வது இன்றைய கணக்கு. மூன்று வருடம் கழித்து என்ன என்பதுதான் கேள்வி. பெங்களூருவில் மேனேஜரோடு ஒத்துவரவில்லை என்றால் மூன்று மாத நோட்டீஸ் முடிந்ததும் தெருவைத் தாண்டி அடுத்த அலுவலகம் போகலாம். நடுத்தர நகரத்தில் அதே திறமைக்கு இரண்டு, மூன்று கம்பெனிகள்தான் இருக்கும். மாற வழியில்லை என்று தெரிந்தால், சம்பள உயர்வு பேசும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடும். ‘ஊர்க்காரர் விட்டுப் போகமாட்டார்’ என்பது கம்பெனிக்குச் சலுகை. ஊழியருக்கு அதுவே பலவீனம். கணவன், மனைவி இருவரும் ஐ.டி. என்றால் ஒருவருக்கு வேலை கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகும் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. திரும்பி வந்த பலர் மறுபடி பெங்களூரு பஸ் ஏறுவது இதனால்தான்.

ஆகவே ஒரு பெரிய கம்பெனி வருவதைவிடப் பத்து நடுத்தர கம்பெனிகள் வருவது ஊருக்கு நல்லது. போட்டி இருந்தால்தான் சம்பளம் ஏறும். கோவையில் அதற்கான அறிகுறிகள் உண்டு. உள்ளூரில் வளர்ந்த கோவை.கோ நிறுவனம், மூன்று ஆண்டுகள் நீடிப்பவர்களுக்கு ஆண்டுச் சம்பளத்தில் பாதியை போனஸாகத் தருவதாக 2022இல் சொன்னது; அதன்படி சுமார் 140 பேருக்கு ரூ.14 கோடிக்கு மேல் கொடுப்பதாக 2025 தொடக்கத்தில் அறிவித்தது. ஊழியரை நிறுத்திவைக்க ஊர்ப்பாசம் மட்டும் போதாது என்று ஒரு கோவை கம்பெனியே ஒப்புக்கொண்ட மாதிரிதான் அது.

ரோடு, ரயில், விமானம்

சரவணம்பட்டியில் மாலை ஆறு மணிக்கு சத்தி சாலையைக் கடந்தவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்கத் தேவையில்லை. கம்பெனிகள் சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி எனக் கிழக்கிலும் வடக்கிலும் குவிய, வீட்டு வாடகையும் நெரிசலும் அங்கேயே ஏறுகின்றன. அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. ரூ.1,791 கோடி செலவு, பெரிய நிம்மதி. ஆனால் காரும் பைக்கும் வைத்திருப்பவர்களுக்கான நிம்மதி.

அவினாசி சாலை, சத்தி சாலை வழியாகத் திட்டமிட்ட மெட்ரோவோ, அடுத்த மாதமே டெல்லியிலிருந்து திரும்பி வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சி மக்கள்தொகை சுமார் 15.8 லட்சம்தான், 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் வேண்டும் என்றது மத்திய அரசு. மதுரைக்கும் அதே பதில். இதே கொள்கை இருந்தபோதுதான், 2011இல் 20 லட்சத்தைத் தொடாத ஆக்ராவுக்கு 2019இல் ஒப்புதல் கிடைத்தது. சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்த கோவை நகர்ப்புறத் தொகுப்பு 2011லேயே 21 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பதினான்கு வருடத்துக்கு முந்தைய எண்ணை வைத்து, வேகமாக வளரும் நகரத்துக்கு ரயில் வேண்டுமா என முடிவெடுப்பது எப்படி சரியாகும்? பஸ், பி.ஆர்.டி.எஸ். போதும் என்ற வாதத்தை எண்ணோடு கலக்காமல் தனியாகப் பேசலாம்.

விமான நிலையக் கதை இன்னும் நீளம். விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்கும் வேலை 2010இல் தொடங்கியது. 600 ஏக்கருக்கு மேல் நிலத்தை எடுத்து ஒப்படைக்கவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஓடுதளம் நீளாமல் பெரிய விமானங்கள் இறங்காது. 2025 நிலவரப்படி கோவையிலிருந்து நேரடி வெளிநாட்டு விமானம் சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி ஆகிய மூன்று ஊர்களுக்குத்தான். ஜெர்மனியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஒரு துணைத் தலைவர் தன் குழுவைப் பார்க்க வருகிறார் என்றால், பெங்களூருவிலோ சென்னையிலோ இறங்கி இன்னொரு விமானம் மாற வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியலாம். அடுத்த 500 பேரை எங்கே எடுப்பது, இயக்குநர் பதவியை எந்த ஊரில் வைப்பது என்று முடிவெடுப்பவர் அந்தத் துணைத் தலைவர்தான்.

கோவையில் வேலை என்று ஆஃபர் லெட்டர் கையில் வந்தால், சம்பள எண்ணுக்கு அடுத்ததாக எச்.ஆரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுவிடலாம்: ‘என் மேனேஜர் எந்த ஊர்ல உட்கார்ந்திருக்கார்? அவருக்கு மேல இருக்கறவர் எந்த ஊர்?’ இரண்டுக்கும் பதில் பெங்களூரு என்றால், பதவி உயர்வு வரும் நாளில் மறுபடி காந்திபுரத்தில் பஸ் பிடிக்க வேண்டியிருக்கலாம்.