வெயிலில் ஆடப்படும் கூடைப்பந்து

2024 நவம்பர் 25ஆம் நாள் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் இந்திய ஆடவர் கூடைப்பந்து அணி கஜகஸ்தானை 88க்கு 69 என்ற கணக்கில் வென்றது. ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்று ஆட்டம் அது. பத்தொன்பது புள்ளி வேறுபாடு கூடைப்பந்தில் தற்செயலாக வருவதன்று. எனினும் அவ்வெற்றியைப் பற்றி என்னோடு பேசிய இரண்டொரு நண்பர்களும் அவர்கள் எப்படி நம்மிடம் தோற்றார்கள் என்றே கேட்டார்கள். நாம் எப்படி வென்றோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நமக்கு உயரம் போதாது என்று நெடுங்காலமாக நாம் நம்பிவரும் விளக்கமே அக்கேள்விக்குப் பின்னால் இருக்கிறது.

அவ்விளக்கத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கை நீண்டவனுக்கு அங்கே நன்மை அதிகம். ஆனால் ஒரு நாட்டின் சராசரி உயரம் களத்தில் இறங்கி ஆடுவதில்லை, பன்னிரண்டு பேர் கொண்ட ஓர் அணி ஆடுகிறது. 140 கோடி மக்களுக்குள் நெடிய பன்னிரண்டு பேர் கிடைக்கமாட்டார்கள் என்பது நகைப்புக்குரிய வாதம். பஞ்சாபின் பல்லோ கே என்ற சிற்றூரில் பிறந்த சத்னாம் சிங் ஏழடியைத் தாண்டியவர். லூதியானாவின் பயிற்சிக்கூடம் அவரைச் சிறுவயதிலேயே கண்டுகொண்டது. 2015இல் அமெரிக்க என்.பி.ஏ. தேர்வில் டல்லாஸ் அணி அவரை எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவருக்கு அது முதல் முறை. எட்டும் தொலைவில் ஒரு பயிற்சிக்கூடம் இல்லாதிருந்தால் அவ்வுயரம் கதவு நிலையில் தலை இடித்துக்கொள்ள மட்டுமே பயன்பட்டிருக்கும்.

கஜகஸ்தானின் மக்கள்தொகை இரண்டு கோடி. ஏறத்தாழத் தமிழகத்தின் கால்பங்கு. தனி நாடாகிப் பதினோரே ஆண்டுகளில், 2002 புசான் ஆசிய விளையாட்டில், பிலிப்பைன்ஸை வென்று அது வெண்கலம் பெற்றது. இதைப் புல்வெளி நாடோடிகளின் இரத்த வீரம் என்று எழுதிவிடுவது எளிது. உண்மை சற்றுச் சலிப்பூட்டுவது. சோவியத் ஆட்சி அங்கே கூரையிட்ட ஆடுகளங்களையும், சம்பளம் பெறும் பயிற்சியாளர்களையும், அல்மா-அட்டாவில் ஒரு ராணுவ அணியையும் விட்டுச்சென்றிருந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியின் வாலெரி திகோனென்கோ அந்த அல்மா-அட்டா அணியில் ஆடியவர். 2011இல் தோன்றிய அஸ்தானா அணி ரஷ்யாவின் பெரிய அணிகளோடு ஒரே தொடரில் மோதியது. ஜெர்ரி ஜான்சன் போன்ற அமெரிக்கர்களுக்குக் குடியுரிமை வழங்கியும் அவர்கள் ஆடவைத்தார்கள். இந்தியாவோ 2008 முதல் இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களையே அணியில் சேர்த்துவருகிறது. இதில் எனக்குக் குறையில்லை. சொந்தப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவிட்டு வாடகைக்கு ஆள் பிடிப்பதில் என்ன பெருமை?

வெயில் என்று நான் சொல்வது உருவகமன்று. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை வகுத்ததே, பனிக்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்கள் கூரைக்குக் கீழே ஆடுவதற்காகத்தான். பீச் பழக்கூடைகளை மாடத்தில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கூடை தமிழ்ப் பெயரிலும் அப்படியே தங்கிவிட்டது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் வழியாக ஆட்டம் மாவட்டப் பள்ளிகளுக்குப் பரவியது. ஆட்டம் வந்து சேர்ந்தது. கூரை கூட வரவில்லை.

பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி வரையுள்ள வறண்ட நிலத்தில் இதன் பொருள் என்னவென்று அறிய ஆடி மாதத்தில் ஒரு மாலை போதும். சிமெண்டுத் தளம் பகலெல்லாம் காய்ந்து ஐந்து மணிக்கும் கனன்றுகொண்டிருக்கும். சீமைக் கருவேலங்காடுகளைக் கடந்துவரும் காற்று கரிசல் புழுதியைத் தளத்தின் மேல் இறைத்துவிடும். ஓடிவந்து திரும்புகிற கால் சறுக்கும். இக்காலக் கூடைப்பந்தின் உயிர்நாடி 6.75 மீட்டருக்கு அப்பாலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல். இந்தக் காற்றில் அப்படி எறிந்தால் பந்து பலகையைக்கூடத் தொடாது. எனவே எங்கள் பையன்கள் முட்டிமோதி உள்ளே நுழைந்து வளையத்தின் அடியிலிருந்து போடவே பழகுகிறார்கள். பிறகு எப்போதோ ஒருமுறை மரத்தளமிட்ட அரங்கில் நிற்கும்போது, தூரத்திலிருந்து அமைதியாக எறிகிற எதிரணியைப் பார்த்து, அவர்கள் ஏதோ வேறு ஆட்டம் ஆடுவதுபோல விழிக்கிறார்கள். அவர்கள் கற்ற ஆட்டம் உண்மையிலேயே வேறுதான்.

(நான் படித்த கரிசல் கதைகளில் கிட்டிப்புள்ளும் சடுகுடுவும் உண்டு, கூடைப்பந்து வளையம் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூட மைதானத்துக்குள் எழுத்தாளர்கள் இன்னும் சரியாக நுழையவில்லை என்றே கருதுகிறேன்.)

தளத்தைவிடக் கடினமான செய்தி ஒன்றுண்டு. தமிழகக் கூடைப்பந்தை இதுவரை காப்பாற்றியவை வங்கிகளும் ரயில்வேயும் சுங்கத்துறையும்தாம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை ஆகியவற்றின் அணிகள் இல்லையேல் பெரியகுளத்துக் கோடைப் போட்டியும் கோவை நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பையும் இவ்வளவு காலம் களைகட்டியிருக்கா. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் இவ்வாட்டத்தின் சோறு. ஆனால் வேலையை நோக்கி ஆடப்படும் ஆட்டம் வேலை கிடைத்ததும் தன் நோக்கத்தை இழந்துவிடுகிறது. கிடைக்காதவனோ இருபத்தொரு வயதில் நிறுத்திக்கொள்கிறான்.

என் வகுப்பில் ஆறடி மூன்றங்குல மாணவன் ஒருவன் இருந்தான். நூற்பாலைத் தொழிலாளியின் மகன். பல்கலைக்கழக அணிவரை சென்றவன். பட்டம் முடிந்ததும் விளையாடுவதை விட்டுவிட்டாயா என்று கேட்டேன். "ஐயா, சர்டிபிகேட்டுக்கு மூணு வருசம்தான் மதிப்பு. அதுக்குள்ள வேலை வரலைன்னா அப்புறம் எதுக்குங்கய்யா?" என்றான். அவனைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. வானம் பார்த்த பூமியில் மாதச் சம்பளம் என்பது கிணற்றில் ஊற்றுக் கண்டதைப் போன்றது. கலைக்காகக் கலை என்று வகுப்பில் பேசுவது வேறு. விளையாட்டுக்காக விளையாட்டு என்று அவனிடம் சொல்வது கொடுமை.

நம் தேசிய அணியின் வரலாற்றிலும் இதே தடம்தான். 1975இல் பாங்காக்கில் ஆசிய அளவில் நான்காம் இடம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் கடைசி இடம். 2014இல் வூஹானில் சீனாவை 65க்கு 58 என்று வென்றோம், உலகமே வியந்தது. பிறகு ஒன்றும் தொடரவில்லை. 2015இல் தொடங்கிய யூ.பி.ஏ. தொடர் சில பருவங்களோடு நின்றது. கஜகஸ்தானை வென்ற அணி தகுதிபெற்று 2025 ஆகஸ்டில் ஜித்தா சென்றது. ஜோர்டானைக் கூடுதல் நேரம்வரை இழுத்துச்சென்று 84க்கு 91 என்று தோற்றது. மற்ற இரு ஆட்டங்களிலும் தோற்றது. அணித்தலைவர் மொயின் பெக் ஹஃபீஸ் தமிழகத்தவர். திறமை இருக்கிறது, அது சேர்ந்து பெருகுவதற்கு ஒரு கலம் இல்லை.

மாவட்டத் தலைநகரங்களில் பெரிய அரங்குகள் கட்டுவதை நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மாலை ஆறரைக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பையனுக்கு அவ்வரங்கு வெளிநாடு. ஏற்கெனவே தளம் உள்ள பள்ளிகளில், ஒரு வட்டத்துக்கு ஒன்றாக, தகரக் கூரை போட்டால் போதும். அரங்கின் கூரை ஏழு மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அருப்புக்கோட்டையைச் சுற்றியுள்ள பஞ்சுக் கிடங்குகளையும் திருமண மண்டபங்களையும் பார்ப்பவர், இந்த ஊர்க் கொத்தனாருக்கும் வெல்டருக்கும் ஏழு மீட்டர் புதிதன்று என்பதை அறிவார். இரண்டு பக்கமும் காற்றுத் தடுப்புச் சுவர், நான்கு விளக்குகள், மாலையில் இரண்டு மணிநேரம் நிற்பதற்கு ஊதியம் பெறும் ஓர் உடற்கல்வி ஆசிரியர், வேலைக்குப் போய்வந்த இருபத்தைந்து வயதுக்காரனும் உள்ளே வரலாம் என்று கதவில் ஓர் அறிவிப்பு. ஆலையில் முதல் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.