களாப்பழக் கூடையில் பேரம் எதற்கு?

"கிடைக்கப் போகும் பலாக்காயை விடக் கிடைத்த களாக்காயே மேல்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். பலாவுக்கு முன் களா அற்பமானது என்பது அந்தப் பழமொழியின் உட்பொருள். ஆனால் அந்த அற்பக் களாக்காயை நம்பி, கோடை முடியும் வரை அடுப்பெரிக்கும் குடும்பங்கள் மும்பையைச் சுற்றியுள்ள மலையடிவாரங்களில் ஏராளம். அவர்களுடைய கூடைக்கு முன்னால் நின்றுகொண்டு ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் வாதாடுகிற கூட்டத்தில் நம்மவர்களும் இருக்கிறார்கள். இது சரிதானா என்று நாம் ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

மராத்தியில் இதற்குக் 'கர்வந்த்' என்று பெயர். நம் ஊர்ப் புதர்க்காடுகளில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பறித்துத் தின்னும் அதே களாதான். சித்திரை பிறந்துவிட்டால் சஹ்யாத்ரி மலைச் சரிவெல்லாம் பழுத்துக் கறுத்துக் கிடக்கும். 'டோங்கராச்சி காளி மைனா', அதாவது மலையின் கறுப்பு மைனா என்று செல்லமாகச் சொல்வார்கள். மழை இறங்கியதும் காலம் முடிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் இந்த வியாபாரம் இல்லை.

மத்திய ரயில்வேயில் கல்யாணைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாராவுக்கு, மற்றொன்று கர்ஜத்துக்கு. இரண்டு பக்கமும் மலையை ஒட்டிய ஸ்டேஷன்களில், கோடைக்காலத்தில் தலையில் கூடையுடன் பெண்கள் ஏறி இறங்குவதைக் காணலாம். தாக்கர், காத்கரி, வார்லி இனத்துப் பெண்கள் அவர்கள். தராசு கிடையாது. இலையில் தைத்த தொன்னைதான் அளவு. தொன்னை நிறையக் கொட்டி, மேலே ஒரு கை கொசுறும் போடுவார்கள்.

முள்ளும் பாலும்

அந்தத் தொன்னை எப்படி நிறைகிறது என்பதை நாம் அறிவதில்லை. களாச்செடி முழுவதும் முள். அதுவும் ஊசி போல நீண்ட, கவர்விட்ட முள். காயைப் பறித்தால் காம்பிலிருந்து வெள்ளைப் பால் வழிந்து விரலெல்லாம் பிசின் ஏறும். பழுத்ததைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத்தான் பறிக்க முடியும். வெயில் ஏறுமுன் போக வேண்டும். கூடை நிறைந்த பிறகு ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். அதன் பிறகுதான் வியாபாரமே தொடங்குகிறது.

இத்தனைக்கும் பிறகு பழம் காத்திருக்காது. பழுத்த களா மென்மையானது. ஒன்றிரண்டு நாளில் நசுங்கிப் புளித்துவிடும். வெங்காய வியாபாரி விலை படியவில்லையென்றால் மூட்டையைக் கட்டி வைக்கலாம். களாப்பழம் கொண்டு வந்தவளுக்கு அந்த வசதி இல்லை. மாலைக்குள் விற்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்ட வேண்டும். பேரம் பேசுகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் மாலை நேரத்தில் பேரம் கடுமையாகிறது. இதில் நம் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அவளுடைய கையாலாகாத நிலைதான் நமக்கு லாபமாகிறது. அதைச் சாமர்த்தியம் என்று வீட்டில் போய்ச் சொல்லிக் கொள்கிறோம்!

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். பேக்கரியில் கேக்கின் மேல் சிவப்பாக உட்கார்ந்திருக்கும் 'செர்ரி', பல நேரங்களில் செர்ரியே அல்ல. விதை நீக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சாயம் ஏற்றிய களாக்காய் அது. இந்த மலையிலிருந்து போன காயாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் இனம் ஒன்றுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் களாவுக்குச் சொன்ன விலையைக் கொடுக்கிறோம். தரையில் கூடையில் இருக்கும் களாவுக்குத்தான் பாதி விலை கேட்கிறோம்.

காசுக்கட்டி செய்தவர்கள்

காத்கரி மக்களின் கதை நம்மில் பலருக்குத் தெரியாது. வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியை மராத்தியில் 'காத்' என்பார்கள். கருங்காலி மரத்தைச் செதுக்கிக் கொதிக்க வைத்து அதைக் காய்ச்சி எடுத்தவர்கள் என்பதால் வந்த பெயர் காத்கரி. காடு அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்குப் போன பிறகு அந்தத் தொழில் போயிற்று. இன்று அவர்களில் பலர் தீபாவளி கழிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போகிறார்கள். மழைக்கு முன்புதான் திரும்புகிறார்கள். மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று மத்திய அரசு வகைப்படுத்தியுள்ள இனங்களில் இதுவும் ஒன்று. ஊரில் தங்கிவிட்ட பெண்களுக்கும் முதியவர்களுக்கும் மழை வரும் வரை கையில் காசு பார்க்கக் கிடைக்கும் சில வழிகளில் களாப்பழமும் ஒன்று.

அந்த வழியும் குறுகி வருகிறது. மலையடிவாரங்களில் பண்ணை வீடுகளும் மனைப் பிரிவுகளும் பெருகிவிட்டன. நிலத்தை வாங்கியவர் முதலில் செய்யும் காரியம், முள்புதரை வெட்டிவிட்டுக் காம்பவுண்டுச் சுவர் எழுப்புவதுதான். அவருக்கு அது புதர். பறிக்கிறவளுக்கு அது தோட்டம்.

பறிக்க உரிமை உண்டு, விற்க இடம் எங்கே?

சட்டம் இவர்களைக் கைவிட்டுவிடவில்லை. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பரம்பரையாகச் சேகரித்து வந்த சிறு வன விளைபொருள்களை எடுக்கவும், பயன்படுத்தவும், விற்கவும் காட்டில் வாழும் மக்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. ஆனால் பறித்த பழத்தை எங்கே உட்கார்ந்து விற்பது? 2014-ம் ஆண்டில் தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது. ரயில்வே நிலங்களுக்கும் ரயில்களுக்கும் அது பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144-வது பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் வண்டியிலோ ஸ்டேஷனிலோ கூவி விற்பது குற்றம்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். 2017 செப்டம்பர் 29-ம் தேதி எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் உயிரிழந்ததை மும்பை மறக்காது. அதே ஆண்டில், ஸ்டேஷனிலிருந்து 150 மீட்டருக்குள் நடைபாதை வியாபாரம் கூடாது என்று உயர் நீதிமன்றமும் கூறிவிட்டது. ஜனங்கள் நடக்க வழி வேண்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் தாதரில் உள்ள நெரிசல் வேறு, மலையடிவாரத்துச் சின்ன ஸ்டேஷனில் உள்ள நிலைமை வேறு. 'ஒரு நிலையம் ஒரு பொருள்' என்ற திட்டத்தை ரயில்வே 2022-ல் தொடங்கியது. அந்தந்த ஊரில் விளையும், செய்யும் பொருளை ஸ்டேஷனிலேயே விற்க இடம் தருவது அதன் நோக்கம். களாப்பழத்தைவிட அந்த மலைக்குச் சொந்தமான பொருள் வேறு என்ன இருக்கிறது? ஏப்ரல் முதல் மழை வரும் வரை, கசாரா, கர்ஜத் மார்க்கத்து ஸ்டேஷன்களில் பழம் பறிக்கும் பெண்கள் முறை வைத்து உட்கார இடம் ஒதுக்க வேண்டும். மனு எழுதவும் பாரம் பூர்த்தி செய்யவும் தெரியாதவர்கள் அவர்கள். அதிகாரிகளே அவர்களுடைய பாடாவுக்குச் சென்று எடுத்துச் சொன்னால்தான் திட்டம் அவர்களைச் சென்றடையும். இல்லாவிட்டால் அந்த இடமும் ஒரு தரகர் கைக்குத்தான் போகும்.

நமக்குத் தெரியாததா?

இதைத் தமிழர்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. தாராவியில் விடியுமுன் மாவாட்டி, இட்லி அவித்து, அண்டாவைச் சுமந்து தெருத்தெருவாக விற்றுப் பிழைத்த சமூகம் நம்முடையது. இன்றும் அந்தப் பிழைப்பு தொடர்கிறது. மாநகராட்சி வண்டி வருகிறது என்றால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்ன என்பது நம் வீட்டிலேயே யாருக்காவது தெரியும். மாலைக்குள் விற்காத இட்லி குப்பைக்குத்தான் என்பதும் தெரியும். அப்படிப்பட்ட நாமே இன்னொருத்தியின் கூடைக்கு முன்னால் பேரம் பேசலாமா?

"எங்களுக்கு மட்டும் பணம் மரத்திலா காய்க்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குமாஸ்தா சம்பளத்தில் வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் போக மிச்சம் என்ன என்பது எனக்கும் தெரியும். பழம் விலை அதிகம் என்று தோன்றினால் இரண்டு தொன்னை வாங்குமிடத்தில் ஒன்று வாங்குவோம். விலையைக் குறைப்பதை விட அளவைக் குறைப்பது மேல்.

ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளோடு மலைப் பக்கம் போய் நாமே பறிக்கலாம் என்பவர்களும் உண்டு. தவறில்லை, செடியில் பறித்துத் தின்ற ருசி பிள்ளைகளுக்கும் தெரியட்டும். ஆனால் அது தின்னும் அளவோடு நிற்கட்டும். பை பையாக நிரப்ப வேண்டாம். கிளையை ஒடிக்க வேண்டாம். நமக்குப் பொழுதுபோக்காக இருப்பது அங்கே ஒரு குடும்பத்தின் அன்றைய அரிசி. ஊறுகாய்க்குக் காய் வேண்டுமென்றால் "மாவ்ஷி, பச்சைக் காய் கொண்டு வா" என்று முன்கூட்டிச் சொல்லி வாங்குங்கள். காய் பழத்தைப் போல உடனே கெடாது. அவளுக்கும் அது உறுதியான வியாபாரம். பால் போகக் கழுவி, நறுக்கி விதை நீக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் போட்டு நல்லெண்ணெய் ஊற்றி வைத்தால், மழைக்காலம் முழுவதும் தயிர்ச் சோற்றுக்குத் துணையாக இருக்கும்.

இந்தக் கோடையில் கூடைக்கு முன்னால் குனியும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பலாக்காய்க்குக் காத்திருக்க வசதியுள்ளவர்களுக்குத்தான் களா அற்பம். அவளிடம் இருப்பது அந்தக் களா மட்டுமே. கேட்ட காசைக் கொடுத்து வாங்குவோம்.