"எறியிறான்" என்று கத்துவதற்கு முன்



பெருநாள் விடுமுறையில் நமது ஊரில் நடந்த 13 வயதுக்குட்பட்டோருக்கான மென்பந்துச் சுற்றுப்போட்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அரையிறுதியில் பந்து வீசிய பொடியன் நான் படிப்பிக்கும் பிள்ளை. முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட் எடுத்தான். அடுத்த ஓவரில் எல்லைக் கோட்டுப் பக்கமிருந்து "எறியிறான், எறியிறான்" என்று சத்தம் தொடங்கியது. நடுவர் எதுவும் சொல்லவில்லை. சத்தம் கூடியது. ஒருவர் மைதானத்துக்குள்ளேயே இறங்கி வந்தார். உடனே நடுவர் ஓவரின் நடுவில் பந்தை வாங்கி வேறொரு பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார்.

அன்றிரவு அவன் பந்து வீசும் வீடியோ சிரிப்புக் குறிகளோடு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. பாடசாலை தொடங்கிய அன்று அவன் என்னிடம் வந்து, "நான் இனி விளையாட வரல்ல சேர்" என்றான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அவன் எறிந்தது உண்மை. அது எனக்கு மூன்று மாதமாகத் தெரியும் என்பதும் உண்மை. பயிற்சியில் பார்த்தேன். விக்கெட் எடுக்கிறான், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டேன். மைதானத்தில் அவன் பட்ட அவமானத்தில் முதல் பங்கு எனக்கே. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். கை வளைந்திருப்பது குற்றமல்ல. பந்து வீசும் கை தோள் மட்டத்துக்கு வந்ததிலிருந்து பந்து கையை விட்டுப் போகும் வரை, வளைந்த முழங்கை நிமிரக் கூடாது. அவ்வளவுதான். மணிக்கட்டைத் திருப்பலாம். நம்மில் பலர் வளைந்த கையைக் கண்டவுடனே சத்தம் போடுகிறோம்.

இந்தச் சத்தத்தின் வலி நமது நாட்டுக்குத் தெரியாததல்ல. 1995 டிசம்பர் 26இல் மெல்பர்ன் மைதானத்தில் நடுவர் டெரல் ஹெயார், முரளிதரன் எறிகிறார் என்று ஏழு தடவை நோ போல் கொடுத்தார். பிறவியிலேயே முழுமையாக நிமிராத கை அவருடையது. 1999இல் அடிலெய்டில் மறுபடியும் நோ போல் கொடுத்தபோது, அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக் கோடு வரை அழைத்துச் சென்றார். பிறகுதான் சர்வதேச கிரிக்கெட்டில் எல்லோருக்கும் ஒரே அளவாக 15 பாகை வந்தது. அந்த முரளி 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்றார். 2014இல் சச்சித்ர சேனாநாயக்கவுக்குப் பந்துவீசத் தடை வந்தது. அவர் வீச்சைத் திருத்திக்கொண்டு, மறுபடி சோதனைக்குப் போய் அனுமதி பெற்றார். வளர்ந்தவர்களுக்கே திருந்தி வர வழி இருக்கிறது. 12 வயதுப் பிள்ளைக்கு நாம் என்ன வழி வைத்திருக்கிறோம்?

15 பாகையை அளக்க நம்மிடம் கருவி இல்லை, தேவையும் இல்லை. வெறும் கண்ணுக்கே தெளிவாகத் தெரிவதை மட்டும் நடுவர் பிடித்தால் போதும். சந்தேகமென்றால் விட்டுவிடட்டும். அதற்கும் சரியான கண் வேண்டும். முழங்கை நிமிர்வது பக்கவாட்டில் நிற்கும் லெக் நடுவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நமது போட்டிகளில் அந்த இடத்தில் துடுப்பெடுத்தாடும் அணியின் பொடியனையே நிறுத்துகிறோம். அங்கும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

தெளிவாக எறிந்தால் என்ன செய்வது? சட்டத்திலேயே ஒழுங்கு இருக்கிறது. முதல் தடவை நோ போல், அதோடு பந்துவீச்சாளருக்கு இறுதி எச்சரிக்கை. அணித் தலைவருக்கும் அறிவிக்க வேண்டும். அதே இன்னிங்ஸில் மறுபடி எறிந்தால் அவர் பந்து வீச முடியாது, வேறொருவர் ஓவரை முடிப்பார். அன்று நமது மைதானத்தில் நோ போலும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. சத்தத்துக்குப் பயந்து கொடுத்த தீர்ப்பு அது.

சிறுவர் போட்டிகளில் எச்சரிக்கையை நடுவர் பிள்ளையின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லட்டும். "மகன், கை நிமிருது, கொஞ்சம் மெதுவாப் போடுங்க" என்றால் போதும். பந்துவீச்சு நின்றாலும் அவன் களத்தடுப்பிலும் துடுப்பாட்டத்திலும் தொடரட்டும்.

பிள்ளைகள் ஏமாற்றுவதற்காக எறிவதில்லை. டெனிஸ் பந்து பாரமில்லாதது. வேகம் வர வேண்டும், தூரமும் போக வேண்டும் என்றால் சின்னக் கை தானாகவே எறியத் தொடங்கிவிடும். பெரியவர்களின் ஆடுகள நீளத்தைப் பிள்ளைகளுக்குக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பயிற்சியில் ஓடாமல் நின்ற இடத்திலிருந்து, பிறகு நடந்து வந்து, கடைசியில் ஓடி வந்து என்று வேகத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பக்கவாட்டில் எடுத்த வீடியோவை அவனுக்குக் காட்டுங்கள். அவனுக்கு மட்டும்.

கழகங்களின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுப்போட்டிக்கு முன் நடக்கும் அணித் தலைவர்கள் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். முறைப்பாடு இருந்தால் அணிப் பொறுப்பாளர் ஓவர் முடிந்ததும் நடுவரிடம் சொல்லட்டும். எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்கும் நாம் வாயை மூடிக்கொள்வோம்.

நான் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் எதுவும் பேசவில்லை. சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவனுடைய வாப்பாவோடும் பேசியிருக்கிறேன். வருவானா தெரியாது.

அந்த வீடியோ உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள். கீழே கருத்து எழுதுகிறவர்கள் தயவுசெய்து அவனுடைய பெயரை எழுத வேண்டாம். கோபம் இருந்தால் என் பெயரை எழுதுங்கள்.