நடத்துகிறவர்களும் நடக்கிறவர்களும்



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதப் போகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். அந்தச் சொல் ‘நடை’.

காலால் போவது நடை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் “ஒரு நடை வந்துட்டுப் போங்க” என்று வீட்டுப் பெரியவர்கள் கூப்பிட்டால், அதற்கு ஒரு தடவை என்று பொருள். “செங்கல் நாலு நடை அடிச்சாச்சு” என்று வண்டிக்காரர் சொன்னால், அது போய் வந்த கணக்கு. அதைத்தான் இன்று டெம்போக்காரர்கள் ‘ட்ரிப்’ என்கிறார்கள்.

பழைய வீடுகளில் தெருக்கதவைத் தாண்டி உள்ளே போகும் வழிக்கும் நடை என்றே பெயர். கோயிலில் நடை திறப்பதும் நடை சாத்துவதும் உண்டு. ஒருவர் எழுதும் பாங்கு அவருடைய நடை. மிருதங்கக்காரருக்குத் திஸ்ர நடை, கண்ட நடை. குணத்துக்கு நடத்தை, அலுவலகத்துக்கு நடைமுறை, பேங்கில் நடப்புக் கணக்கு. இத்தனைக்கும் வேர் ‘நட’ என்ற ஈரெழுத்துச் சொல்தான்.

இது திராவிட மொழிகளின் பொதுச் சொத்து. மலையாளத்தில் நட, கன்னடத்தில் நடெ, தெலுங்கில் நடக. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நம் ஊர்ப்பக்கம் நிறைய உண்டு. உங்கள் பாட்டியைக் கேட்டாலே சொல்லிவிடுவார். நடனமும் இதில் சேருமா என்று வகுப்பில் கேட்பீர்கள். சேராது. அது வடமொழி வேரிலிருந்து வந்தது. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இரண்டு சொற்கள் உறவாகிவிடாது.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ‘நட’ என்பதிலிருந்துதான் ‘நடத்து’ பிறந்தது. பிறரை நடக்க வைப்பது என்று அதற்குப் பொருள். பஸ்ஸில் இருப்பவர் நடத்துநர். நான் பாடம் நடத்தினேன். உங்களில் பலர் இன்று பனியன் கம்பெனி நடத்துகிறீர்கள், கேட்கவே பெருமையாக இருக்கிறது. ஆனால் நடத்துகிறவர் ஒருவர் இருந்தால், நடக்கிறவர் பலர் இருக்க வேண்டும் என்பதை அந்தச் சொல்லே சொல்கிறது.

அந்த நடக்கிறவர்களைச் சாலையில் போய்ப் பாருங்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவில் தூக்குப்போசியோடு பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். உள்ளூர்ப் பெண்களும் இருக்கிறார்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நடக்க இடம் எங்கே? சாலையோரத்தில் நடைபாதை இருந்தால் அதன்மேல் பைக் நிற்கிறது, ஜெனரேட்டர் நிற்கிறது, கடைப் பலகை நிற்கிறது. நடைபாதையே இல்லாத இடங்கள் இன்னும் அதிகம். சரக்கு லாரிக்கும் கம்பெனி வேனுக்கும் நடுவே புகுந்து போகிறார்கள்.

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நடைபாதையில் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதி உண்டு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும், நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சொல்லிவிட்டது.

“சாலையே குறுகல், வண்டிக்கே இடமில்லை, இதில் நடைபாதைக்கு எங்கே போவது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இடம் போதவில்லை என்றால் முதலில் ஒதுங்க வேண்டியது நிற்கிற வண்டி. நடக்கிற ஆளைச் சாக்கடை ஓரத்துக்குத் தள்ளுவது எந்தக் கணக்கில் சேரும்? நம் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த குமரன், 1932 ஜனவரியில் கொடியேந்தி இதே ஊர்த் தெருவில் நடந்து போனவர்தான்.

எல்லாவற்றையும் அரசு செய்யட்டும் என்று நான் சொல்லவில்லை. கம்பெனி நடத்துகிற பிள்ளைகளுக்கு மூன்றே வேலை சொல்கிறேன். உங்கள் கேட்டுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையைக் காலி செய்து கொடுங்கள். அங்கே ஒரு விளக்குப் போடுங்கள். ஷிப்ட் விடுகிற அரை மணி நேரம் லாரியை உள்ளே விடாமலும் வெளியே எடுக்காமலும் இருங்கள். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

ஆட்களை நன்றாக நடத்துகிறோம் என்று சொல்வதற்கு முன், அவர்கள் பத்திரமாக நடந்து வீடு போய்ச் சேர்கிறார்களா என்று ஒரு நாள் வாசலில் நின்று பாருங்கள். பார்த்ததை இங்கே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் ‘நடை’க்கு வேறு பொருள் வழங்கினாலும் எழுதுங்கள்.

எல்லோரும் நல்லா இருங்க.