லக்சா ஜொகூருக்கு முள்கரண்டி எதற்கு?

வேறு மாநிலங்களிலிருந்து இங்கே படிக்க வரும் நண்பர்களுக்கு லக்சா ஜொகூரைக் காட்டினால் முதலில் சிரிப்பார்கள். லக்சாவில் ஸ்பெகட்டியா? ஆமாம், ஸ்பெகட்டிதான். 1862 முதல் 1895 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் அபு பக்கார், ஐரோப்பியப் பயணத்தில் அதைச் சுவைத்துவிட்டு வந்து அரண்மனைச் சமையலில் சேர்க்கச் சொன்னார் என்பது இங்கே வழங்கும் கதை.

அதைவிடப் பெரிய வியப்பு, இதைக் கையால் சாப்பிடுவது. ஜொகூர் மலாய்க் குடும்பங்களில் அதுதான் பழைய வழக்கம். ஆனால் வீட்டில் சோற்றைப் பிசைந்து உண்ணும் நம் மாணவர்களின் கையே, லக்சா தட்டைக் கண்டதும் முள்கரண்டியைத் தேடுகிறது. பாஸ்தா என்றால் அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்ற கூச்சம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத் தெருக்களில் 19ஆம் நூற்றாண்டில் மக்கள் மக்ரோனியைக் கையால் தூக்கித்தான் வாயில் போட்டுக்கொண்டார்கள். பழைய புகைப்படங்களே இருக்கின்றன.

கையால் உண்பதில் காரணமும் இருக்கிறது. இத்தாலியச் சமையலில் பாஸ்தாவைச் சற்று முன்பே வடித்து, வெந்த நீரில் கொஞ்சம் விட்டு, சாஸ் உள்ள சட்டியிலேயே புரட்டி எடுப்பார்கள். கலப்பது சமைப்பவர் வேலை. லக்சா ஜொகூரில் அது உண்பவர் வேலை. வெந்த ஸ்பெகட்டியைச் சிறு சிறு சுருள்களாகச் சுற்றி வைப்பார்கள். பாராங் மீனை அவித்து, முள் நீக்கி, அரைத்து, தேங்காய்ப்பாலும் மசாலையும் வறுத்தரைத்த தேங்காயான கெரிசிக்கும் சேர்த்துக் கொதிக்கவிட்ட கெட்டிக் குழம்பு தனியே இருக்கும். வெள்ளரி, தவுகே, வெங்காயம், கெசும் இலை, சம்பால் பெலாச்சான் எல்லாம் மேலே. முள்கரண்டி ஸ்பெகட்டியை மட்டும் சுருட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் தட்டிலேயே தங்கிவிடும். விரல்கள்தான் அனைத்தையும் ஒரே கவளத்தில் சேர்க்கும். இடியாப்பத்தில் சொதி ஊற்றிப் பிசைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

சில கடைகளில் குழம்பை முன்கூட்டியே ஊற்றி வைத்துவிடுகிறார்கள். ஸ்பெகட்டி அதை உறிஞ்சி ஊதிப்போய், கையாலும் எடுக்க முடியாது, கரண்டியாலும் முடியாது. பொட்டலம் வாங்கும்போது குழம்பைத் தனியாகக் கேளுங்கள், தருவார்கள்.

பெருநாள் காலத்தில் மாணவர் சங்கங்கள் நடத்தும் திறந்த இல்ல விருந்துகளில் இந்த உணவு கட்டாயம் இருக்கும். ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர்கள் பிளாஸ்டிக் முள்கரண்டிக் கட்டுக்குப் பக்கத்தில், கை கழுவ ஒரு கெண்டித் தண்ணீரும் வைக்கலாமே.