தூக்குச்சட்டியும் தட்டு வரிசையும்

நம் சங்க விழாக்களில் பள்ளி நாட்களைப் பற்றிப் பேச எழுகிறவர் எவராயினும், மூன்றாவது வாக்கியத்திற்குள் மதிய உணவுக்கு வந்துவிடுகிறார். அம்மா கட்டித் தந்த தயிர்சாதம், தூக்குச்சட்டி மூடியில் வைத்த மாவடு, வேப்பமரத்தடியில் நண்பர்களோடு பங்கிட்ட புளியோதரை என்று அவர் அடுக்க அடுக்க, கேட்பவர் கண்கள் கலங்குகின்றன. கலங்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அதே பெருமக்கள் சற்று நேரம் கழித்துக் காப்பி அருந்துகையில், தமிழகத்துப் பள்ளி உணவுத் திட்டத்தை ‘ஓசிச் சோறு’ என்று ஏளனம் செய்யும்போதுதான் என்னால் வாளாவிருக்க இயலவில்லை.

அந்த வேப்பமரத்திற்கு மறுபுறம் இன்னொரு வரிசை இருந்ததே, அது இவர்கள் நினைவில் ஏன் இல்லை? அலுமினியத் தட்டோடு சுவரோரம் அமர்ந்திருந்த வரிசை அது. 1980-களின் பிற்பகுதியில் நானும் அதில் அமர்ந்தவன். வீட்டுச் சோறு அப்பக்கம், பள்ளிச் சோறு இப்பக்கம் என்று எவரும் கோடு கிழிக்கவில்லை. கோடு தானாகவே இருந்தது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது உண்மை. அரிசியில் புழு நெளிந்த நாட்களும் உண்டு. ஆயினும், 1989-ல் இரு வாரத்திற்கு ஒரு முட்டை என்று வந்தபின், முட்டை நாளன்று எங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் வெற்றிடம் இராது. ஆடு மேய்க்கப் போகவேண்டிய பிள்ளையும் அன்று வகுப்பில் இருந்தான். இருந்தவன் நாலெழுத்தும் கற்றான். இதைவிடச் சிக்கனமான கல்விச் செலவை எந்த நிதித்துறை கண்டது?

‘யார் வீட்டுப் பணம்?’ என்ற கேள்வியும் புதிதன்று. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் துணிந்தது. அச்செலவைத் தொடக்கக் கல்வி நிதியில் சேர்க்க ஆங்கில அரசு ஒப்பாததால் 1925-ல் அது நின்றது. பசித்த பிள்ளையின் தட்டைக் கணக்கைக் காட்டிப் பிடுங்கிய அந்த அதிகாரியின் குரலைத்தான் நம்மவர் இன்று காப்பியோடு கலந்து பேசுகிறார்கள். பின்னர் 1956-ல் காமராசரும், 1982-ல் எம்.ஜி.ஆரும், 2022-ல் காலை உணவோடு மு.க. ஸ்டாலினும் என ஆட்சிகள் மாறியும் அடுப்பு அணையவில்லை.

நம்மில் பலர் மத்திய அரசு ஊழியர். அலுவலகச் சிற்றுண்டிச் சாலைக்கு இடமும் மின்சாரமும் அரசு தருவதால்தானே வெளிக்கடையை விடக் குறைந்த விலைக்கு அங்கே தேநீர் கிடைக்கிறது? அதை எவரும் ஓசித் தேநீர் என்று சொல்லக் கேட்டதில்லை. (விலையில் ஒரு ரூபாய் ஏறினால் எழும் கூக்குரலை மட்டும் கேட்டிருக்கிறேன்.)

அகவிலைப்படி அறிவிப்பு ஒரு வாரம் தாமதித்தாலே கலங்கும் நாம், சத்துணவுக் கூடங்களில் புகையில் வெந்த சமையலர்களையும் உதவியாளர்களையும் எண்ணியதுண்டா? அவர்களில் கைம்பெண்கள் பலர். முறையான காலமுறை ஊதியம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அவர்கள் சாலையில் அமர்ந்தபோது, எந்தச் சங்க மலர் ஒரு பக்கம் ஒதுக்கியது?

ஊரை விட்டு வந்த நமக்கு இது தொலைதூரச் செய்தியும் அன்று. நாளொன்றுக்குக் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் உள்ள சமைத்த உணவை, ஆண்டில் 200 நாட்களேனும் தொடக்கப் பள்ளிகளில் வழங்குமாறு 2001 நவம்பர் 28-ல் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்களின் பிள்ளைகள், இந்நகரத்துப் பள்ளிகளில் அந்தச் சோற்றுக்குத்தான் தட்டேந்துகிறார்கள். பொங்கல் விழாவுக்கு மண்டபம் பார்க்க மூன்று முறை அலையும் நம் செயற்குழுவினர், ஒரு நண்பகலில் பக்கத்து அரசுப் பள்ளிக்கும் போய்வரட்டும். தட்டில் விழுவது என்னவென்று பார்த்து, குறையிருப்பின் கல்வி அதிகாரிக்குச் சங்கத் தாளில் நாலு வரி எழுதட்டும். தயிர்சாதச் சொற்பொழிவை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.